நீர் வடிந்த நிலத்தில் வில்லோ

வில்லோ மரத்தின் விதைக்கு ஆயுள் மிகக் குறைவு. நெல்லைப் போலவோ உளுந்தைப் போலவோ அடுத்த பருவத்துக்கென்று எடுத்துவைக்க முடியாது. முளைக்கு ஊட்டம் தரும் சேமிப்பு அதனுள் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துகள், அதைச் சுற்றிக் கொஞ்சம் வெண்பஞ்சு, அவ்வளவுதான். காய் வெடித்ததும் காற்றில் ஏறும். நீரில் விழுந்தால் மிதக்கும். சில நாட்களுக்குள், மிஞ்சிப்போனால் சில வாரங்களுக்குள், ஈரமான, வெயில் விழுகிற, வேறு எதுவும் முளைத்திராத வெற்று மண்ணைத் தொட்டாக வேண்டும். தொட்டுவிட்டால் ஒரே நாளில் முளைவிடும். தவறினால் அந்த ஆண்டு விதைத்ததெல்லாம் வீண். ஒரு பெரிய மரம் லட்சக்கணக்கில் விதை உதிர்க்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அவற்றில் ஒன்றுகூட மரமாவதில்லை.

தென் உக்ரைனில் தினிப்ரோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் வில்லோவும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த கறுப்புப் பாப்லரும் விதை உதிர்க்கும் காலம் மே இறுதியும் ஜூன் தொடக்கமும். 2023 ஜூன் 6 அதிகாலையில் ககோவ்கா அணை உடைந்தது.

அணை அப்போது ரஷ்யப் படைகளின் கையில் இருந்தது. உள்ளிருந்து வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது என்பதற்கே சான்றுகள் வலுவாக இருக்கின்றன; ரஷ்யா மறுக்கிறது. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்குப் பின்னால் 240 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2,155 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் நின்றது. மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது கொள்ளும் நீரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கடல் என்றே அழைத்தார்கள். அந்தக் கடல் இரண்டு வாரங்களில் வடிந்துபோனது.

கீழே நடந்தது பேரழிவு. கெர்சோன் நகரின் தாழ்வான தெருக்களும், எதிர்க்கரையில் ஒலெஷ்கி, ஹோலா பிரிஸ்தான் போன்ற ஊர்களும் கூரைவரை மூழ்கின. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே இன்றுவரை முடிவாகவில்லை. இடது கரை ஆக்கிரமிப்பில் இருந்ததால், அங்கே புதைக்கப்பட்டவர்களை முறையாக எண்ணுவதற்கு ஆளில்லை. நோவா ககோவ்காவின் சிறிய விலங்குக்காட்சி சாலையில் கூண்டுகளில் இருந்த விலங்குகள் மூழ்கி இறந்தன. கீழ்த் தினிப்ரோவின் மணற்பரப்பைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத ஒரு குருட்டு எலியினத்தின் வளைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. புதைத்து வைத்த கண்ணிவெடிகள் மண்ணிலிருந்து பெயர்ந்து நீரோடு கருங்கடல்வரை போயின. இதன் பிறகு சொல்லப்போகும் எதையும் இந்தப் பத்தியை மறந்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

அணைக்கு மேலே நடந்தது வேறு. நீர் விலக விலகச் சேறு வெளியே வந்தது. கரையோரங்களில் கோடிக்கணக்கான சிப்பிகள் வாய் திறந்து வெயிலில் நாறின. குட்டைகளில் சிக்கிய மீன்கள் வெள்ளை வெளேரென்று மிதந்தன. அந்த வாரங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் தெரிவது பழுப்பு நிறம் மட்டும்தான். இனி இது பாலைவனம், புழுதிப் புயல் கிளம்பும், சேற்றில் அடைந்திருக்கும் நஞ்செல்லாம் காற்றில் பறக்கும் என்று பலரும் அஞ்சினார்கள். விமானத்திலிருந்து புல்விதை தூவலாமா என்றுகூட யோசனைகள் எழுந்தன. அஞ்சியவர்களைக் குறைசொல்ல முடியாது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் ஒரே மூச்சில் காலியானதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கீவிலுள்ள ஹொலோட்னி தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அன்னா குஸெம்கோவும் அவருடன் சென்றவர்களும் நீர் வடிந்த சில வாரங்களிலேயே வலது கரையிலுள்ள காமியன்ஸ்கா சிச் தேசியப் பூங்காவுக்குப் போனார்கள். எதிர்க்கரையிலிருந்து பீரங்கி குண்டு வந்து விழக்கூடிய தூரம். அங்கே சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பின் ஓரத்திலும் வில்லோ நாற்று வரிசை கட்டி நின்றது. ஒன்றிரண்டு இல்லை, நாற்றங்கால் போல நெருக்கமாக. அந்த இலையுதிர் காலத்துக்குள் அவை ஆளுயரத்தைத் தாண்டின. அடுத்த கோடையில் உள்ளே போனவர்கள் மரங்களுக்கிடையே வழி விலக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

யாரும் அங்கே விதை தூவவில்லை. மூன்று காரியங்கள் ஒரே வேளையில் கூடிவந்தன. கரையிலும் தீவுகளிலும் தாய்மரங்கள் நின்றன. அவற்றின் பஞ்சு பறக்கும் வாரத்தில் மண் வெளியே வந்தது. அந்த மண்ணோ எழுபது ஆண்டுகளாக ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டல், வெயிலில் மேற்பரப்பு வெடித்தாலும் உள்ளே ஈரத்தை விடாத மண். ஆற்றோர மரங்களை ஆராய்பவர்களிடம் நெடுநாளாக ஒரு கணக்கு உண்டு: வில்லோ, பாப்லர் நாற்றின் வேர் கீழிறங்கும் ஈரத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டுமானால் நிலத்தடி நீர்மட்டம் நாளொன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அதைவிட வேகமாக இறங்கினால் நாற்று வேர் நீட்டியபடியே கருகிவிடும். வட அமெரிக்காவில் மஹோனியும் ரூடும் 1998இல் இதை எழுதியபோது அவர்கள் கவலை வேறு. அங்கே அணை கட்டிய ஆறுகளின் கரைகளில் கிழட்டுப் பாப்லர்கள் நிற்கின்றன, கன்றுகள் இல்லை. விதை பறக்கும் நேரத்தில் வெள்ளம் வருவதில்லை. வந்தாலும் மதகை மூடியதும் சட்டென்று வடிந்துவிடுகிறது. உயிரோடிருக்கும் மரங்கள் வாரிசில்லாமல் நிற்கும் அந்தக் கரைகளைக் காடு என்று எண்ணித்தான் நாம் கடந்துபோகிறோம்.

ககோவ்காவில் நீர் அந்தக் கணக்கை மீறிய வேகத்தில்தான் இறங்கியது. ஆனால் வண்டல் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததால் நாற்றுகள் பிழைத்தன. வண்டல் இல்லாத இடங்களில், சிப்பி ஓடும் மணலுமாகக் கிடந்த மேட்டுக் கரைகளில், வில்லோ ஏறவில்லை; களைகளே வந்தன. வானிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. தரையில் அது நிலத்துக்கு நிலம் மாறுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் கரையில் நிற்கும் ஆற்றுப்பாலையும் இந்த வில்லோ இனம்தான். ஈரமும் வெளிச்சமும் வெறுமையும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்துக்காகப் பஞ்சு பறக்கவிடும் குணம் அதற்கும் உண்டு.

அந்த நிலத்துக்குக் கடலுக்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. வெலிக்கி லூஹ், பெரும்புல்வெளி. தினிப்ரோவும் அதன் கிளையான கொன்காவும் பின்னிப்பின்னி ஓடிய படுகை. நாணலும் ஏரிகளும் ஓக்கும் வில்லோவும் நிறைந்த இடம். சபோரிஷியக் கொசாக்குகளின் சிச் கோட்டைகள் பல அதன் ஓரத்தில்தான் இருந்தன. கோட்டையைத் தாயென்றும் அந்தப் புல்வெளியைத் தந்தையென்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். 1950களில் சோவியத் அரசு அணை கட்டியபோது காட்டை வெட்டினார்கள், கிராமங்களைப் பெயர்த்தார்கள், மிச்சத்தை நீர் மூடியது. திரைக்கலைஞர் அலெக்சாந்தர் தோவ்ஷென்கோ அந்தக் கட்டுமானத்தைப் பார்க்கப் போனார். நீருக்குள் போகவிருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றி ‘கடலின் கவிதை’ என்ற திரைக்கதையை எழுதினார். படமாக்கும் முன் 1956இல் இறந்துபோனார். அவர் மனைவி யூலியா சோல்ன்த்சேவா 1958இல் அதை முடித்தார். முன்னேற்றத்தைக் கொண்டாட எடுத்த படம் அது. அந்தக் கொண்டாட்டத்துக்குள்ளேயே ஊரை விட்டுப் போகிறவர்களின் துக்கமும் இருக்கிறது. நிலத்தை அறிந்த கலைஞனால் அந்தத் துக்கத்தை விட்டுவிட்டு எழுத முடிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஆறு அணை உடைந்து பார்ப்பது இது முதல்முறையும் அல்ல. 1941 ஆகஸ்ட் 18 அன்று, ஜெர்மானியப் படை நெருங்கியபோது, சபோரிஷியாவிலிருந்த தினிப்ரோ நீர்மின் அணையைப் பின்வாங்கிய சோவியத் படையே தகர்த்தது. கீழே இருந்த சொந்த மக்களும் சொந்தச் சிப்பாய்களும் அந்த நீரில் போனார்கள். போர் முடிந்ததும் அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

இப்போது பெரும்புல்வெளி திரும்பிவிட்டது என்று உக்ரைனில் பலர் உணர்ச்சியோடு பேசுகிறார்கள். அந்த உணர்ச்சி எனக்குப் புரிகிறது. நாடே தாக்கப்படும் வேளையில், தாத்தா காலத்து நிலம் நீருக்கடியிலிருந்து எழுந்து வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு விம்மாது? ஆனாலும் திரும்பி வந்திருப்பது அதே நிலம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஓக்குகள் இல்லை. வைக்கோல் அறுத்த, மீன் பிடித்த, படகு ஓட்டிய கிராமங்கள் இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த அமோர்ஃபா என்ற புதர் வில்லோவின் இடையிடையே காத்திருக்கிறது. ஒரே வயது மரங்கள் இவ்வளவு நெருக்கமாக நின்றால் அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையொன்று நிழலில் தள்ளிச் சாகும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் புல்வெளியும் ஏரியும் காடும் கலந்த படுகை உருவாகுமா என்று தெரியும். வில்லோ முதலில் வருவது. நிலைப்பது எதுவென்று வில்லோவால் சொல்ல முடியாது.

அணை உடைந்த நிலத்தில் எது நிலைக்கிறது என்பதை அமெரிக்காவின் கொலராடோவில் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள், பூங்கா பிறக்கும் முன்பே, 1903இல் பாசனத்துக்காக விவசாயிகள் கட்டிய லான் லேக் மண் அணை 1982 ஜூலை 15 காலை உடைந்தது. மதகுக் குழாயின் இணைப்பில் பூசியிருந்த ஈயம் அரித்துப்போய், கசிவு கரையையே தின்றுவிட்டது. மூன்று பேர் இறந்தார்கள். ரோரிங் ஆற்றின் இரு கரை மரங்களையும் வெள்ளம் உரித்துக்கொண்டு போய், பள்ளத்தாக்கின் வாயில் 42 ஏக்கர் பரப்பில், சில இடங்களில் 44 அடி கனத்துக்குப் பாறையும் மணலும் கொட்டியது. உருண்டு வந்த பாறைகளில் ஒன்றின் எடை 452 டன். அங்கே வண்டல் இல்லை, கல்தான். ஆனாலும் அந்தக் கற்களுக்கிடையே ஆஸ்பென் நாற்றுகள் முளைத்தன. ஆஸ்பெனும் ஒரு பாப்லர். அந்த மலைகளில் அது விதையிலிருந்து முளைப்பது அபூர்வம். பெரும்பாலும் வேரிலிருந்தே கன்று விடும். அணை உடைந்து கிடைத்த வெறுமண் அந்த அபூர்வத்துக்கு இடம் கொடுத்தது. ஆனால் நாற்றுகளை எல்க் மான்கள் கடித்துக் கடித்துக் குட்டையாகவே வைத்திருந்தன. 2013 செப்டம்பரில் பெரிய வெள்ளம் வந்து அந்த மணற்பரப்பை மறுபடி கலைத்துப் போட்டது. மேலே, ரோரிங் ஆறு அறுத்த செங்குத்துக் கரைகள் இன்றும் மண் தெரிய நிற்கின்றன. வெறும் 674 ஏக்கர்-அடி நீர் ஒரே காலையில் செய்த வேலை அது.

எல்லா உடைப்புக்குப் பிறகும் பச்சை வருவதில்லை. பிரேசிலில் 2015 நவம்பர் 5 அன்று மரியானா நகருக்கு அருகே உடைந்த ஃபுந்தாவ் அணை நீரைத் தேக்கிய அணை அல்ல. இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கியது. 19 பேர் இறந்தார்கள். செந்நிறச் சேறு தோசி ஆறு வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில் கலந்தது. ஆற்றை வாட்டு என்று அழைத்து மூதாதையாக வணங்கும் கிரெனாக் மக்கள், ஆறு இறந்துவிட்டதாகத் துக்கம் காத்தார்கள். கரைகளில் படிந்த அந்தக் கழிவு காய்ந்ததும் இறுகிவிட்டது. உயிர்ச்சத்தில்லை, நீர் உள்ளே இறங்காது, வேர் போக வழியில்லை. விதை வந்து விழுந்தாலும் பிடிக்க மண் இல்லை. அங்கே மனிதர்கள் கையால் நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. இயற்கை எதையும் ஆற்றிவிடும் என்று நம்மிடையே பேசுபவர்கள் தோசி ஆற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு கொண்டுவந்த சேற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன்மேல் எது முளைக்கும் என்பது தீர்மானமாகிறது.

ககோவ்காவின் சேற்றிலும் ஏதோ இருக்கிறது. மேலே சபோரிஷியாவின் எஃகு ஆலைகள், நிகோபோலின் மாங்கனீசுத் தொழில், நகரங்களின் கழிவு, எழுபது ஆண்டுகள். பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் நன்னீர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஒலெக்சாந்த்ரா ஷுமிலோவாவும் உடன் ஆய்வாளர்களும் 2025இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, வெளிப்பட்ட படிவில் 83 ஆயிரம் டன்னுக்கு மேல் நச்சுக் கன உலோகங்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அணை உடைந்தபோது அதில் அடித்துச் செல்லப்பட்டது மிகச் சிறு பங்குதான். மீதி அங்கேயே, வில்லோவின் வேர்களுக்கடியில் கிடக்கிறது. அதே கட்டுரை, ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தப் படுகையின் சூழல் இயக்கங்களில் 80 சதவீதம் மீளக்கூடும் என்றும் சொல்கிறது. ஒரே கட்டுரைக்குள் இரண்டு செய்தியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

வேர்கள் சேற்றைக் கட்டிப்பிடித்து வைக்கின்றன. புழுதி பறக்காமலிருப்பதற்கு இந்தக் காடே காரணம். ஆனால் வில்லோ இனங்கள் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்ப்பவை. மாசுபட்ட நிலங்களைச் சுத்திகரிக்க உலகெங்கும் வில்லோவை நடுவதே இந்தக் குணத்துக்காகத்தான். அப்படி நட்டால் அறுவடை செய்து அப்புறப்படுத்துவார்கள். இங்கே அறுப்பவர் யார்? இலை உதிர்கிறது, பூச்சி தின்கிறது, பூச்சியைப் பறவை தின்கிறது. வசந்தகால வெள்ளம் அடித்தட்டை அலசிக் கீழே கொண்டுபோகிறது. 2024 வசந்தத்தில் அப்படி ஒரு வெள்ளம் புகுந்து வடிந்தது. படுகைக்கு அந்த வெள்ளம் வேண்டும்; கீழேயுள்ள கெர்சோன் மக்களின் கிணற்றுக்கும் மீனுக்கும் அது நல்லதா என்பதை அளந்துபார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த வெள்ளத்தின் அளவும்கூட முழுதாக ஆற்றின் கையில் இல்லை. ககோவ்காவுக்கு மேலே தினிப்ரோவில் இன்னும் ஐந்து பெரிய அணைகள் நிற்கின்றன. கீவிலிருந்து சபோரிஷியாவரை ஆறு படிக்கட்டாகத் தேங்கித்தான் இறங்குகிறது. எப்போது நீர் விடுவது என்பதை மின்தேவையும் போர்ச்சூழலும் தீர்மானிக்கின்றன. அறுந்தது ஒரு கண்ணி மட்டுமே.

இதற்கிடையே அணையைத் திரும்பக் கட்டும் பேச்சு. அணை உடைந்த அடுத்த மாதமே உக்ரைன் அரசு அதற்கான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். இந்த வாதத்தில் தூரத்திலிருந்து பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த நீர்த்தேக்கத்தை நம்பி லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். நிகோபோல், மார்ஹானெத்ஸ், போக்ரோவ் நகரங்களின் குழாய்கள் ஒரே வாரத்தில் வறண்டன. தெற்கின் கால்வாய்கள் காய்ந்தன. அவற்றை நம்பியிருந்த கெர்சோனோ தர்பூசணிக்குப் பேர்போன மண். ஐரோப்பாவின் மிகப்பெரிய அணுமின் நிலையம் அந்தத் தேக்கத்தின் கரையிலிருந்துதான் குளிர்நீர் எடுத்தது. பிறகு கிணறு தோண்டிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. இந்த மக்களிடம் போய் வில்லோவின் அழகைச் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

ஆனாலும் குடத்தில் நீர் வேண்டும் என்பதும் 2,155 சதுர கிலோமீட்டரை மறுபடி மூழ்கடிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. போர்க்காலத்திலேயே அந்த நகரங்களுக்கு நெடுந்தூரக் குழாய்கள் பதித்தார்கள். பாசனத்துக்கு ஆற்றிலிருந்தே நீரேற்ற முடியும். இழப்பு குறைந்த வாய்க்கால்கள் கட்ட முடியும். ஆழமற்ற அந்தத் தேக்கத்தின் பரந்த பரப்பிலிருந்து ஆண்டுதோறும் வெயிலில் ஆவியாகிப்போன நீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழையபடியே கட்டுவது 1950களின் முடிவை யோசிக்காமல் இன்னொரு தடவை எடுப்பதாகும். அப்போது அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க வாய்ப்பிருக்கிறது.

இந்தக் காட்டைக் காட்டி, அணையைத் தகர்த்தது ஒருவகையில் நல்லதாயிற்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஏற்கவே முடியாது. கூரையில் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்து மூழ்கிய முதியவர்களின் சாவு குற்றம். மரம் முளைத்ததால் அந்தக் குற்றம் ஓர் இம்மிகூடக் குறையாது. விதை விழுந்ததற்கும் வெடி வைத்ததற்கும் காலம் ஒத்துப்போனதில் யாருடைய நல்லெண்ணமும் இல்லை. ஒரு மாதம் தள்ளி உடைந்திருந்தால் பஞ்சு பறந்து முடிந்திருக்கும். அந்தச் சேற்றில் களையும் புழுதியும்தான் மிஞ்சியிருக்கும். தற்செயலாகக் கிடைத்ததைக் காப்பது மட்டுமே இனி மனிதர்களின் பொறுப்பு.

ஆய்வாளர்கள் இன்றும் நடந்து பார்க்க முடிவது உக்ரைன் கட்டுப்பாட்டிலுள்ள கரையில்தான். எதிர்க்கரை ரஷ்யப் படைகளிடம் இருக்கிறது. நடுவே, புதர்களுக்கடியில் கண்ணிவெடிகள். இரு கரையிலும் தாவரவியலாளர்கள் நடந்து, சேற்றின் உலோகத்தை இடம் இடமாக அளந்து, நிகோபோல்காரர்களுக்கும் கெர்சோன் விவசாயிகளுக்கும் நீர் வேறு வழியில் கிடைக்குமா என்று கணக்குப் போட்டு முடிக்கும்வரை, ககோவ்காவில் ஒரு மதகும் எழக் கூடாது.